கைகோக்குமா அண்டை நாட்டு எம்.பி.ஏ. பள்ளிகள்? தோட்டத் தொழிலாளிக்கும் அதில் பங்கு உண்டு!

போனக்காடு: திருவனந்தபுரத்தில் இருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக மலை ஏறினால் ரோடு முடியும் இடம் போனக்காடு. அகத்தியர் மலைக்கு நடைப்பயணம் போகிறவர்களுக்கு இது புறப்படும் இடம். அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கோ, பாட்டன் காலத்தில் பிழைக்க வந்த தேயிலைத் தோட்டம்.

வெள்ளைக்காரன் காலத்தில் உண்டான தோட்டம் அது. இன்று தொழிற்சாலை பூட்டிக் கிடக்கிறது. எந்திரங்கள் துருப்பிடித்துவிட்டன. லயங்களில் ஓடு சரிந்த வீடுகள் பல. இடுப்பளவில் நிற்க வேண்டிய தேயிலைச் செடி, கவாத்து இல்லாமல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாகிவிட்டது. சம்பளப் பாக்கி, பணிக்கொடைப் பாக்கி என்று காத்திருந்து காத்திருந்து பலர் மலை இறங்கிவிட்டார்கள். போக இடம் இல்லாதவர்கள் லயத்திலேயே இருக்கிறார்கள்.

இந்த மலைக்கும், கோட்டும் டையும் அணிந்து படிக்கும் எம்.பி.ஏ. படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கிறது. ஒரு தோட்டத்தை நடத்த முடியாமல் கம்பெனி கைவிடும்போது எதை முதலில் காப்பாற்றுவது? செடியையா, தொழிற்சாலையையா, தொழிலாளியின் பாக்கியையா, அவன் குடியிருக்கும் வீட்டையா? இது அரசியல் கேள்வி மட்டும் அல்ல. நிர்வாகக் கேள்வியும் கூட. இந்தக் கேள்வியை இலங்கை சந்தித்திருக்கிறது. நீலகிரியும் மூணாறும் மாஞ்சோலையும் சந்தித்திருக்கின்றன. ஆனால் ஓர் இடத்தில் பட்ட அனுபவம் இன்னோர் இடத்துக்குப் பாடமாகப் போய்ச் சேருவதில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வேலைதான் நிர்வாகப் பள்ளிகளுடையது.

எல்லோரும் பார்த்தது அமெரிக்காவை!

நம் பக்கத்து நாடுகளில் நிர்வாகப் படிப்பு எப்படி வந்தது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்.

1955-ல் கராச்சியில் வணிக நிர்வாகக் கழகம் தொடங்கியது. கைகொடுத்தது அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வார்ட்டன் பள்ளி.

1961-ல் இந்தியாவில் இரண்டு ஐ.ஐ.எம்.கள் பிறந்தன. கல்கத்தாவுக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கைகொடுத்தது. ஆமதாபாத்துக்கு ஹார்வர்டு.

1966-ல் டாக்காவில், அது கிழக்கு பாகிஸ்தானாக இருந்த காலத்தில், ஒரு வணிக நிர்வாகக் கழகம் வந்தது. அதற்கு இண்டியானா பல்கலைக்கழகம்.

கல்கத்தாவும் டாக்காவும் ஒரே மொழி பேசும் ஊர்கள். ஆனாலும் ஒன்று மற்றொன்றின் வாசலைத் தட்டவில்லை. இரண்டும் பல்லாயிரம் மைல் தாண்டி அமெரிக்காவின் வாசலைத் தட்டின. அந்தக் காலத்தில் அதற்கு நியாயமும் இருந்தது. பாடம் நடத்தத் தெரிந்தவர்களும், உதவப் பணமும் அங்கேதான் இருந்தன. அமெரிக்காவின் போர்டு அறக்கட்டளையின் பணம் இந்தப் பள்ளிகள் சிலவற்றின் வளர்ச்சிக்கு உதவியது.

ஆனால் பணத்தோடும் பேராசிரியரோடும் பாடமும் சேர்ந்து வந்தது. எம்.பி.ஏ. வகுப்பில் 'கேஸ்' என்று ஒன்று உண்டு. ஒரு கம்பெனிக்கு வந்த சிக்கலைப் பத்து இருபது பக்கத்தில் எழுதிக் கொடுப்பார்கள். "நீ அந்த மானேஜராக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். மாணவன் படித்துவிட்டு வந்து வகுப்பில் வாதாட வேண்டும். நல்ல முறைதான். ஆனால் அந்தக் கேஸ்கள் அமெரிக்கக் கம்பெனிகளுடையவை. அங்கே லயம் இல்லை, கங்காணி இல்லை, மூன்று தலைமுறையாக ஒரே தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே மண்ணாகிற குடும்பம் இல்லை.

பின்னால் இந்தியப் பள்ளிகளே இந்தியக் கேஸ்களை எழுதத் தொடங்கின. இலங்கையில் 1986-ல் ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டமேற்படிப்பு நிர்வாக நிறுவனம் வந்தது. பாகிஸ்தானில் லாகூரிலும், நேபாளத்தில் காத்மாண்டுவிலும் பள்ளிகள் வந்தன. ஆனால் ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கதையை எழுதினார்களே தவிர, பக்கத்து வீட்டுக் கதையைச் சேர்த்துப் படிக்கும் வழி எளிதில் பிறக்கவில்லை.

1988-ல் பிறந்த இரண்டு குழந்தைகள்

1985 டிசம்பர் 8-ந் தேதி டாக்காவில் ஏழு நாடுகள் கூடி சார்க் அமைப்பைத் தொடங்கின. 2007-ல் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து எட்டாயிற்று. அந்தக் காற்றில், 1988-ல் இந்நாடுகளின் நிர்வாகப் பள்ளிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. தெற்காசிய நிர்வாக மேம்பாட்டு நிறுவனங்களின் சங்கம் என்பது அதன் பொருள். சுருக்கமாக 'அம்டிசா'. தலைமையகம் ஐதராபாத்தில். சார்க் அங்கீகாரம் பெற்ற அமைப்பு இது.

அம்டிசா என்ன செய்கிறது? பேராசிரியர்களைக் கூட்டி மாநாடும் பயிற்சியும் நடத்துகிறது. 1994 முதல் ஓர் ஆராய்ச்சி இதழை நடத்துகிறது. பள்ளிகளின் தரத்தைச் சோதித்துச் சான்று கொடுக்க ஒரு முறையையும் வகுத்தது. சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்து மார்க் போடுகிற வேலை அல்ல அது. பள்ளி தன் நிறைகுறையைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு மற்றப் பள்ளிகளின் அனுபவசாலிகள் வந்து பார்த்துச் சொல்வார்கள். சம்பந்தி வீட்டார் வந்து பார்த்துப் போவது போல!

அதே 1988-ல் ஐரோப்பாவிலும் ஒரு குழந்தை பிறந்தது. பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் நான்கு நிர்வாகப் பள்ளிகள் கூடி 'செம்ஸ்' என்ற கூட்டணியை அமைத்தன. இவற்றில் பிரான்சும் ஜெர்மனியும் ஒருவரோடு ஒருவர் இரண்டு உலகப் போர்களில் மோதிய நாடுகள் என்பதை மறக்கக் கூடாது. அந்தக் கூட்டணியில் சேரும் மாணவர் ஒரு பருவம் வேறு நாட்டுப் பள்ளியில் படித்தே தீர வேண்டும். படிப்பு முடிந்தால் கூட்டுப் பட்டம். நான்கில் தொடங்கியது இன்று முப்பதைத் தாண்டி, ஐரோப்பாவுக்கு வெளியேயும் பரவிவிட்டது. லத்தீன் அமெரிக்க நாடுகளின் பள்ளிகளோ அதற்கும் முன்பே, 1967-லேயே, தங்களுக்குள் ஒரு சங்கம் கண்டுவிட்டன.

ஒரே வயதுக் குழந்தைகள் இரண்டு. ஒன்று ஊர் ஊராக ஓடுகிறது. மற்றொன்று நடக்கிறது, ஆனால் வீட்டு வாசலைத் தாண்டும் போதெல்லாம் தடுக்கப்படுகிறது. ஐரோப்பிய மாணவன் பாரிசில் இருந்து மிலானுக்கு ரெயில் ஏறிப் போய் ஒரு பருவம் படித்துவிட்டுத் திரும்புகிறான். கோழிக்கோட்டு ஐ.ஐ.எம். மாணவன் லாகூரில் ஒரு பருவம் படிக்க நினைத்தால் நடக்குமா?

ஒரே நோய், ஐந்து வைத்தியம்

கூட்டு முயற்சி நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தேயிலையை விட நல்ல உதாரணம் இல்லை. இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம் நான்கிலும் தேயிலை விளைகிறது. முதல் மூன்றிலும் தோட்டத்தை உண்டாக்கியவன் வெள்ளைக்காரன். உழைத்தது வெளியூரில் இருந்து கொண்டுவரப்பட்ட ஏழைக் கூலி. சிக்கலும் ஏறக்குறைய ஒன்றே. வைத்தியம் மட்டும் இடத்துக்கு இடம் வேறு.

ஒன்று, இலங்கை. 1972-லும் 1975-லும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. நஷ்டம் ஏறிற்று. 1992-ல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் பங்குகளை விற்றபோது, 10 சதவீதம் தொழிலாளர்களுக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது.

இரண்டு, சர்க்கார் தோட்டம். 1964-ம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையில் இருந்து 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டியதாயிற்று. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்க நீலகிரியில் 'டான்டீ' வந்தது. கேரளத்தில் புனலூரை மையமாகக் கொண்டு ரப்பர் மறுவாழ்வுத் தோட்டம் வந்தது. இலங்கையில் கொழுந்து பறித்த கை இங்கே வந்து பால் வெட்டக் கற்றுக்கொண்டது.

மூன்று, மூணாறு. 2005-ல் டாடா டீ கம்பெனி அங்குள்ள பெரும்பாலான தோட்டங்களை நடத்துவதில் இருந்து விலகியபோது, தொழிலாளர்களும் ஊழியர்களுமே பெரும்பான்மைப் பங்குதாரர்களாக ஒரு புதிய கம்பெனி உருவாயிற்று. உலகமே திரும்பிப் பார்த்த ஏற்பாடு அது.

நான்கு, மாஞ்சோலை. போனக்காட்டுக்கு மலையின் மறுபக்கம், திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளது. 99 ஆண்டுக் குத்தகை 2028-ல் முடிய இருந்த நிலையில், 2024-லேயே கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்து வெளியேற முற்பட்டது. நாலு தலைமுறை வாழ்ந்தவர்கள் சமவெளியில் எங்கே போவது என்று கேட்டார்கள். வழக்கு ஐகோர்ட்டுக்குப் போயிற்று.

ஐந்து, போனக்காடு. இங்கே நடந்தது வைத்தியமே இல்லாமல் விட்டது!

இந்த ஐந்தையும் ஒரே மேஜையில் வைத்துப் படித்தால் என்ன தெரியும்? ஒரு சின்ன உதாரணம். மூணாறில் தொழிலாளி பங்குதாரர் ஆகி 10 ஆண்டு கழிந்த பிறகு, 2015 செப்டம்பரில், அதே தோட்டங்களின் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போனசைக் குறைத்ததே உடனடிக் காரணம். தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் அண்ட விடவில்லை. 'பெண்கள் ஒற்றுமை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். போனசும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் பெற்றார்கள். அதே ஆண்டு தினக்கூலி 232 ரூபாயில் இருந்து 301 ரூபாயாக உயர்ந்தது.

பங்குப் பத்திரம் பெட்டியில் இருந்தாலும், தீர்மானிக்கும் இடத்தில் குரல் இல்லாவிட்டால் தொழிலாளி தொழிலாளிதான். இது மூணாறு சொன்ன பாடம். இலங்கைத் தொழிலாளிக்கும் 10 சதவீதப் பங்கு கிடைத்திருந்தது. ஆனால் அங்கும் 1,000 ரூபாய் தினக்கூலிக்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2021-ல்தான் அரசு உத்தரவு வந்தது. வங்கதேசத்தில் 2022 ஆகஸ்டில் தேயிலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, 120 டாக்காவாக இருந்த கூலியை 170 டாக்கா ஆக்கினார்கள். கேட்டது 300!

மூன்று நாட்டிலும் மானேஜர்கள் ஒரே பதில் சொன்னார்கள்: "தேயிலை விலை கட்டவில்லை." அது உண்மையா, எவ்வளவு உண்மை? கிலோவுக்கு அடக்கவிலை எங்கே கூடுகிறது? பழைய செடியை மாற்றி நடாததாலா, தொழிற்சாலை பழசானதாலா, ஏலத்தில் விலை படியாததாலா? மூன்று நாட்டுக் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் யார் சொல்வது சரி என்று தெரியும். ஒரு நாட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால், மானேஜர் சொல்வதே கணக்கு.

எங்கே இடறுகிறது?

இவ்வளவு நல்ல காரியம் ஏன் வேகம் பிடிக்கவில்லை?

முதல் தடை அரசியல். சார்க் உச்சி மாநாடு கடைசியாக நடந்தது 2014 நவம்பரில், காத்மாண்டுவில். 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க இருந்தது நின்றது. அதன் பிறகு மாநாடே கூடவில்லை. 2025 ஏப்ரலில் பகல்காம் படுகொலைக்குப் பிறகு, சார்க் விசா விலக்குத் திட்டத்தின் கீழ் பாகிஸ்தானியர் வருவதை இந்தியா நிறுத்திவிட்டது. குடும்பத் தலைவர்கள் பேசிக்கொள்ளாதபோது, பிள்ளைகள் சேர்ந்து படிப்பது எளிதல்ல.

இரண்டாவது தடை 'கேஜ்' தடை. மீட்டர்கேஜ் காலத்தில் வெளியூரில் இருந்து பிராட்கேஜ் வண்டியில் வந்த சரக்கு, ஜங்ஷனில் மூட்டை மூட்டையாக இறக்கி வேறு வண்டியில் ஏற்றப்பட்டதைப் பழைய ஆட்கள் அறிவார்கள். படிப்பிலும் அப்படித்தான். ஒரு நாட்டில் ஒரு பருவம் படித்ததை இன்னொரு நாட்டுப் பள்ளி எத்தனை மதிப்பெண்ணுக்குச் சமம் என்று ஏற்க வேண்டும். பாட நேரம், பரீட்சை, தேதி எல்லாம் பொருந்த வேண்டும். பொது அளவு இல்லாவிட்டால் மாணவன் ஜங்ஷனில் இறங்கி நிற்க வேண்டியதுதான். அம்டிசாவின் தரச்சான்று முறை போன்றவை இந்தத் தண்டவாளத்தை ஒரே அளவாக்கும் முயற்சி என்று சொல்லலாம்.

மூன்றாவது, மனத் தடை. மேல்நாட்டுப் பள்ளியோடு ஒப்பந்தம் என்றால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடலாம். கொழும்போடும் டாக்காவோடும் ஒப்பந்தம் என்றால் எந்தத் தகப்பனார் கூடுதல் பீஸ் கட்டுவார்? பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு ஆண்டுப் படிப்புக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. கடன் வாங்கிப் படிக்கிற பையன் சம்பளம் எங்கே அதிகம் என்றுதான் பார்ப்பான். அவனைக் குறை சொல்வதில் பயன் இல்லை.

வியாபாரமும் இதற்குத் துணை நிற்கவில்லை. தெற்காசிய நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் தங்களுக்குள் செய்துகொள்வது சுமார் 5 சதவீதமே என்று உலக வங்கி சொல்கிறது. பக்கத்து நாட்டில் வியாபாரம் இல்லை என்றால், அந்த நாட்டைத் தெரிந்த மானேஜருக்குக் கிராக்கி ஏது? தெரிந்தவர் இல்லாததால் வியாபாரமும் வளர்வதில்லை. முட்டை முதலா, கோழி முதலா என்ற கதைதான்.

டில்லிக்குக் காத்திராமல் செய்யக்கூடியது

எட்டு நாடுகளும் ஒன்றாக எழுந்து நிற்கும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு பேர் சேர்ந்தாலே ஒரு வேலை தொடங்கும். இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையே குடிமக்களுக்கு விசாவே வேண்டியதில்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே போக்குவரத்து தாராளமாக இருக்கிறது. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023-ல் தொடங்கியது.

தோட்ட நிர்வாகத்துக்கென்றே இரு நாட்டிலும் நிறுவனங்கள் இருக்கின்றன. இலங்கையில் தேசியப் பெருந்தோட்ட நிர்வாக நிறுவனம் 1979-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. பெங்களூரில் இந்தியத் தோட்ட நிர்வாக நிறுவனம் 1993-ல் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வந்தது. இவற்றோடு கொழும்புப் பட்டமேற்படிப்பு நிறுவனமும், கோழிக்கோடு, திருச்சி ஐ.ஐ.எம்.களும் சேர்ந்து மூன்று காரியங்களை மட்டும் செய்யலாம்.

ஒன்று, ஒரு பொதுக் கேஸ் பெட்டகம். மேலே சொன்ன ஐந்து தோட்டங்களின் கதையையும் கணக்கோடு எழுதி, எல்லாப் பள்ளியிலும் பாடமாக வைப்பது. இதற்குப் பெரிய பணமோ விசாவோ தேவை இல்லை.

இரண்டு, அந்தக் கேசில் மானேஜர் பேச்சோடு தொழிலாளி பேச்சும் இருக்க வேண்டும். இங்கேதான் தமிழுக்கு வேலை இருக்கிறது. நுவரெலியா லயத்திலும் மூணாறு லயத்திலும் போனக்காட்டு லயத்திலும் பேசுவது தமிழ். கொழும்பில் இருந்து ஒரு தமிழ் மாணவியும் திருச்சியில் இருந்து ஒரு மாணவனும் சேர்ந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்டால், துபாஷி இல்லாமலே கதை கிடைக்கும். இது பெரிய வசதி.

மூன்று, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இடம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பரீட்சைக்கு இங்கிலீஷ் என்று மூன்று மொழியோடு வளர்கிற பிள்ளை, தோட்டத்தை உள்ளே இருந்து அறிந்த பிள்ளை, தோட்ட நிர்வாகம் படிக்க மற்றவர்களை விடத் தகுதி குறைந்தவன் அல்ல. தடை பணமும், சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததும்தான். இரு நாட்டுப் பள்ளிகளும் சேர்ந்து ஆண்டுக்குச் சில இடங்களை லயத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையோடு ஒதுக்கினால், நாளைய மானேஜர் நாற்காலியில் கொழுந்துக் கூடை சுமந்தவள் மகன் உட்காருவான்.

ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் டிக்கெட் வாங்கினால் கொழும்பு கோட்டை வரை போகலாம். தனுஷ்கோடி வரை ரெயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் ரெயில். டிக்கெட் மட்டும் ஒன்றே! 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை அந்த வழி இருந்தது. இரண்டு நாட்டு ரெயில்வேக்கள் கூடிக் கணக்குப் பார்த்து ஒரு டிக்கெட்டை ஒப்புக்கொள்ள முடிந்தது என்றால், இரண்டு நாட்டுப் பள்ளிகள் கூடி ஒரு பருவப் படிப்பை ஒப்புக்கொள்ள முடியாதா?

மூடிய தொழிற்சாலையை ஒரு பாடப்புத்தகம் திறந்துவிடாது. மரமான செடியை மறுபடி கொழுந்துக்குக் கொண்டுவரக் காலம் பிடிக்கும்; கைவிடப்பட்ட தொழிலாளிக்கு அது வரை பொறுக்க முடியாது. அவனுக்குச் சேர வேண்டிய பாக்கியைக் கொடுக்க எந்த மாநாடும் தேவை இல்லை. சட்டம் இருக்கிறது, அதை நிறைவேற்றினால் போதும். ஆனால் அடுத்த தோட்டம் நொடிக்கத் தொடங்கும்போது, "இதற்கு முன் இலங்கையில் என்ன செய்தார்கள், மூணாறில் என்ன செய்தார்கள், எங்கே தவறிற்று?" என்று கேட்கத் தெரிந்த ஒரு மானேஜராவது இருந்தால், அங்கே இன்னொரு போனக்காடு உண்டாகாமல் தடுக்கலாம்.